இரண்டு முதலாளிகளும் ஒரு முழங்காலும்

கண்டி நகரத்தில், கொழும்பு வீதியில் ஒரு தனியார் மருந்துச்சாலை. அங்கே டிரெசராக வேலை பார்த்தவர் மூக்கையா. புண் கழுவுவது, கட்டுப் போடுவது, எலும்பு முறிந்தால் பலகை வைத்துக் கட்டுவது, சீழ் பிடித்தால் டொக்டரைக் கூப்பிடுவது, இவ்வளவும் அவர் பொறுப்பு. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாளி தூக்கப் போனார். வாளி தூக்கிக்கொண்டே கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். கை சுத்தம், பேச்சுக் குறைவு. காயத்தைப் பார்த்ததும் அது ஆற எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். மனிதரைப் பார்த்து அப்படி எதுவும் சொல்ல அவருக்கு வராது. முப்பத்தாறாம் ஆண்டில் ஊர் அதைத்தான் அவரிடம் கேட்டது.

அந்தக் காலத்தில் சனிக்கிழமைகளில் போகம்பறை மைதானத்தில் உதைபந்து நடக்கும். ஐந்து டீம்கள். மூன்று டீம்கள் வேலையிடங்களைச் சேர்ந்தவை. மற்ற இரண்டுக்கும் முதலாளிமார் உண்டு. ஆட்டக்காரர்களைக் கடைச் சிப்பந்திகளாக வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் துணி கிழிப்பதும் மூட்டை தூக்குவதும், சனிக்கிழமையில் பந்து உதைப்பதும் அவர்கள் வேலை. நன்றாக உதைப்பவனுக்கு மூட்டை குறையும்.

முந்திய வருஷம் மலேரியாக் காய்ச்சல் சுற்றுவட்டாரத்தையே படுக்கையில் போட்டுவிட்டது. பாதி ஆட்டங்கள் நடக்கவில்லை. அதனால் யார் முதல், யார் கடைசி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, இனிமேல் நான்கு டீம்களுக்குத்தான் மைதானம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஒரு டீம் போகவேண்டும்.

உதைபந்துச் சங்கத்தின் செயலாளர் மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். குடையை மடக்கிக்கொண்டு நேரே மருந்துச்சாலைக்கு வந்தார்.

"மூக்கையா, இதை நீர்தான் தீர்த்து வைக்க வேணும்."

"நான் பந்தைக் கையால கூடத் தொட்டதில்லைங்க."

"ஓம், கையால தொட்டால் பிழைதானே." மயில்வாகனம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேலையிடத்து டீமுகளைத் தொட ஏலாது. மிச்சம் ரெண்டு முதலாளிமார். ஆர் தன்ர ஆக்களை ஒழுங்காய்ப் பாக்கிறார், ஆர் பாக்கேல்லை எண்டு ஒரு ஆள் சொல்ல வேணும். எல்லா டீமின்ர காலும் உம்மட கைக்குத்தான் வருது. நீர் ஒருத்தருக்கும் சொந்தமுமில்லை. பாக்காதவரின்ர டீமை எடுத்து விடுவம்."

"எடுத்தா அந்தப் பதினொரு பேரும் எங்க போவாங்க?"

"அது முதலாளியின்ர பாடு. அடுத்த ஞாயிறு பின்னேரம் வாசிகசாலைக்கு வந்து சொல்லும்."

டீம் போனால் பதினொரு பேரின் வேலையும் போகும். அது எந்தப் பதினொரு பேர் என்று மூக்கையா சொல்லவேண்டும். குடை போன பிறகும் அவர் அயடின் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

வீதியில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. நல்ல முதலாளி புடவைக்கடை ஜமால்தீன். மோசமான முதலாளி பாக்குக் கடை மஹ்மூத் ஹாஜியார். ஜமால்தீன் தன் ஆட்களுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பார், வென்றாலும் தோற்றாலும் புரியாணி போடுவார், அடிபட்டவனைத் தானே தாங்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு வருவார். கட்டுப் போடும்போது ஆட்டக்காரன் கத்துவதற்கு முன் அவர் கத்துவார். மஹ்மூத் ஹாஜியாரின் ஆட்கள் வெறுங்காலில் ஆடினார்கள். தோற்றால் ஞாயிற்றுக்கிழமையும் பாக்கு உரிக்க வைப்பார். மருந்துச்சாலைப் பக்கம் அவர் தலையே காட்டியதில்லை.

மூக்கையா வேலை செய்யும் முறைப்படி பதிவுப் புத்தகத்தை எடுத்தார். வருகிற காயம் ஒவ்வொன்றையும் பெயரோடு எழுதி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தார். ஜமால்தீனின் டீம் ஒரு வருஷத்தில் பத்தொன்பது தடவை வந்திருந்தது. மஹ்மூத் ஹாஜியாரின் டீம் ஒரே ஒரு தடவை, அதுவும் கால் நகம்.

இன்னொரு தடவை எண்ணினார். அதே கணக்குத்தான். சப்பாத்துப் போட்டவன் பத்தொன்பது தடவை அடிபடுகிறான், வெறுங்காலில் ஆடுகிறவன் அடிபடவே இல்லை. அப்படியென்றால் ஊர் சொல்வது தலைகீழோ? இரண்டு நாள் அவர் அப்படித்தான் நினைத்தார். மூன்றாம் நாள் கேட்டுவிடுவதென்று பாக்குக் கடைக்குப் போனார்.

மஹ்மூத் ஹாஜியார் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாக்கைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், உங்க ஆளுங்களுக்கு அடியே படுறதில்லீங்களே, அது எப்படி?"

"படாமலா? இந்த வருஷம் மட்டும் நாலு பேருக்கு ஒடஞ்ச."

"எங்ககிட்ட ஒருத்தரும் வரலியே?"

"உங்கள்ட்ட என்னத்துக்கு வார? கம்பளைல நாட்டு வைத்தியம் செய்ற வெத மாத்தையா ஈக்கார். ஒரு அடுக்கு வெத்திலயும் ஒரு படி அரிசியும் குடுத்தா போதும். நீங்க இங்கிலீசு மருந்துக்கு இங்கிலீசு வெலயெல்லோ கேக்கிய."

மூக்கையாவுக்கு முகம் சுட்டது. தன் புத்தகத்தில் இருந்தது அடிபட்டவர்களின் கணக்கல்ல, தன்னிடம் வந்தவர்களின் கணக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் கட்டுப் போட்டவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"அங்க போனவங்க எல்லாம் நல்லாயிட்டாங்களா?"

"மூணு கிழம, நாலு கிழம கெடக்கணும்டு அவர் செல்லுவார். கெடக்கட்டுமே. பாதி ஆறினவன எறக்கினா திரும்ப ஒடச்சிட்டு வருவான். திரும்பவும் அரிசி." ஹாஜியார் பாக்கைக் கீழே போட்டார். "இங்க பாருங்க டிரெசர், ஒரு ஒதவி செய்ங்க. என்ட டீம்தான் மோசம்டு செல்லுங்க."

"என்னங்க?"

"எனக்கு ஒதபந்து புடிக்கிறதே இல்ல. இது மவுத்தாப்போன நானாட டீம். சங்கத்தில எடம் ஈக்கிற வரைக்கும் நடத்தணும்டு வஸிய்யத்து செஞ்சிட்டுப் போய்ட்டார். எடம் இல்லாட்டி என்ட பொறுப்பு முடிஞ்ச. அண்டைக்கே பதினொரு பேரயும் அனுப்பிட்டு, பாக்கு உரிக்கத் தெரிஞ்ச நாலு பேர வச்சிக்கொள்வன்."

இறந்துபோன அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மனுஷன் காப்பாற்றுகிறார். அதோடு, அதிலிருந்து எப்போது தப்பலாம் என்றும் பார்க்கிறார். இவரை எந்தப் பக்கம் எழுதுவது? மூக்கையா பதில் சொல்லாமல் வெளியே வந்தார். அந்த நாலு பேரின் எலும்பைக் கண்ணால் பார்க்காமல் இனி எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தார்.

ஆறிக் கடைக்குத் திரும்பியிருந்த மூவரின் எலும்பையும் கண்டியிலேயே தடவிப் பார்த்தார், நேராக இருந்தது. நாலாமவனைப் பார்க்க, தீர்ப்புச் சொல்லவேண்டிய ஞாயிறு காலை ரயில் கோச்சியில் கம்பளைக்குப் போனார். வெத மாத்தையாவின் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய்கள் விரித்திருந்தன. எண்ணெயும் பச்சிலையும் மணத்தன. முதல் பாயில் மஹ்மூத் ஹாஜியாரின் ஆட்டக்காரன் அஸீம், அலவத்துகொடை ஊர்க்காரன், கணைக்காலில் மூங்கில் தப்பை கட்டிப் படுத்திருந்தான். மூக்கையா குனிந்து விரலால் எலும்பு நெடுகத் தடவிப் பார்த்தார். கோணல் இல்லை, மேடு இல்லை. தான் கட்டியிருந்தாலும் இதைவிட நேராக வந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"உங்க முதலாளி எப்படிப்பட்டவரு?" என்று கேட்டார்.

"அந்தக் கஞ்சனா?" அஸீம் எழுந்து உட்கார்ந்தான். "ஒருக்காச் சரி வந்து பாக்கல்ல. இன்னும் எத்தன நாள்டு கேட்டு ஆள் மட்டும் அனுப்பிய. ஆனா டிரெசர் ஐயா, அவர மோசம்டு செல்லிராதீங்க. எங்கட சோறு உங்கட வாயிலதான் ஈக்கு. டீம் இல்லாட்டி அடுத்த நாளே எங்கள வெளில போட்டுருவார்."

அப்போது கோலை ஊன்றிக்கொண்டு இன்னொருவன் முற்றத்தைக் கடந்து வந்தான். ஜமால்தீனின் டீமில் முன்னால் நின்று ஆடும் பாரூக். வலது கால் மடங்கவில்லை.

அந்த முழங்காலை மூக்கையாவுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் முதல் தடவை வீங்கி வந்தபோதே மூன்று வாரம் கிடக்கவேண்டும் என்று சொன்னார். வீங்கிய முழங்காலுக்கு ஓய்வைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஆனால் ஜமால்தீன் தோடம்பழக் கூடையோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "பொடியன் ஆட ஆசப்படியான் டிரெசர், அவன்ட மனச முறிக்காதீங்க, கொஞ்சம் இறுக்கிக் கட்டி விடுங்க" என்றார். மூக்கையா இறுக்கிக் கட்டி அனுப்பினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றும் புத்தகத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தன.

"இங்க எப்ப வந்தீங்க?"

"முதலாளிதான் அனுப்பின. இனி ஆட ஏலாதாம், நடக்கலாமாம்." பாரூக் சிரித்தான். "தங்கமான மனுஷன் ஐயா. கால் போனா என்ன, கடைல தையல்காரனுக்குப் பக்கத்தில ஒக்கார வச்சீக்கார். கை முறிஞ்ச ஒருத்தன முந்தியே மடிப்புக்கு வச்சீக்கார். ஒருத்தனயும் கைவிட மாட்டார்."

மூக்கையா தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கால் நேரானவன் தன் முதலாளியைத் திட்டுகிறான். கால் போனவன் தன் முதலாளியை வாழ்த்துகிறான். ஒருவர் அரிசியை மிச்சம் பிடிக்கப் போய்க் காலைக் காப்பாற்றினார். மற்றவர் பாசத்தால் காலைக் கெடுத்தார், அதற்குக் கட்டுப் போட்ட கை தன்னுடையது. வெத மாத்தையா ஒரு கோப்பை கொத்தமல்லிக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்து, காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றார் மூக்கையா. குடித்துவிட்டுக் கோச்சி ஏறினார்.

பேராதனை தாண்டும்போது, யார் நல்லவர் என்ற கேள்வியை அவர் விட்டுவிட்டார். அது தனக்கு எட்டாது. எட்டக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. எந்த டீம் போனால் யாருடைய வேலை போகும்? மஹ்மூத்தின் டீம் போனால் பதினொரு பேர் தெருவில். ஜமால்தீனின் டீம் போனால்? அந்த மனுஷனால் ஒருவனையும் வெளியே அனுப்ப முடியாது. அப்படியென்றால் நல்லவரைத்தான் மோசம் என்று சொல்லவேண்டும். இது நியாயமா, கள்ளமா? பாரூக்கின் முழங்காலைப் பார்த்தால் நியாயம் போலத் தெரிந்தது. ஜமால்தீனின் மனதைப் பார்த்தால் கள்ளம் போலத் தெரிந்தது. கோச்சி கண்டிக்கு வந்தபோதும் இரண்டும் கலந்தே இருந்தன.

வாசிகசாலையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முதலாளிமார் இருவரும் ஆளுக்கொரு மூலையில். மயில்வாகனம் மேசையைத் தட்டினார். "சொல்லும், மூக்கையா."

"ஜமால்தீன் முதலாளி டீமை எடுத்துருங்க."

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். ஜமால்தீன் எழுந்து வந்தார், முகம் வெளுத்திருந்தது.

"நான் என்ன கொற வச்ச, டிரெசர்?"

"கொறை வைக்கலீங்க, முதலாளி. பாரூக்கோட முழங்கால் போச்சு. மூணு வாரம் படுத்திருந்தா போயிருக்காது."

"நீங்கதானே கட்டிவிட்ட!"

"ஆமாங்க. நானுந்தான். மூணு தடவையும் நான்தான்." மூக்கையா கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "அதையும் எழுதிக்குங்க, ஐயா."

மயில்வாகனத்துக்கு அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "மற்ற முதலாளி ஒழுங்காய்ப் பாக்கிறார் எண்டு சொல்லுறீரோ?"

"அவரு ஆளுங்க காலு நேரா இருக்குங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மூலையிலிருந்து மஹ்மூத் ஹாஜியார் சீறினார். "உங்கள்ட்ட நான் என்ன செல்லி அனுப்பின? மனுஷன்டா ஒரு வாக்கு வேணும்!"

"நான் வாக்கே குடுக்கலீங்களே, ஹாஜியார்."

யாரோ சிரித்தார்கள். ஜமால்தீன் சிரிக்கவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் வாசலில் நின்றார்கள். எல்லோர் கண்ணும் அவர் மேல். கோபம் வந்தால் நல்ல மனுஷன் என்ன செய்வான் என்பது மூக்கையாவின் கணக்கில் இல்லை.

ஜமால்தீன் தொப்பியைக் கழற்றினார், திரும்ப வைத்தார். வாசலைப் பார்த்து, "என்னத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டீக்கிய? டீம் இல்லாட்டி கடை இல்லயா? நாளைக்கு நேரத்தோட வாங்க. சித்திரைக்கு முந்தி சரக்கு இறக்கணும்" என்றார். மூக்கையாவின் பக்கம் திரும்பாமல் படியிறங்கினார்.

அதன் பிறகு அவர் மருந்துச்சாலைக்கு வரவில்லை. இரண்டு வருஷம் வீதியில் எதிரே கண்டாலும் மறுபக்கம் போனார். புடவைக்கடையில் வாங்க வருகிறவர்களைவிடத் துணி மடிக்கிறவர்கள் அதிகம் என்று ஊர் கேலி செய்தது. அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. டொக்டருக்கும் கோபம்தான், நல்ல வாடிக்கை போய்விட்டதே. ஒரு மாதம் மூக்கையாவோடு பேசாமல் இருந்தார். கட்டுப் போட ஆள் வேண்டும் என்பதால் பேசத் தொடங்கினார்.

மூக்கையா மாற்றிக்கொண்டது ஒன்றுதான். வீங்கிய முழங்காலை ஆட்டத்துக்காக இறுக்கிக் கட்டுவதை நிறுத்தினார். யார் வந்து அழுதாலும் மூன்று வாரம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். எலும்பு முறிந்து வந்தவர்களில் சிலரை, டொக்டர் இல்லாத நேரம் பார்த்து, கம்பளைக்கு அனுப்பவும் செய்தார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, முதல் தடவையாக மஹ்மூத் ஹாஜியார் மருந்துச்சாலைக்கு வந்தார். கூட அஸீம். பழைய முறிவு நன்றாகக் கூடிவிட்டது. இப்போது மற்றக் காலில் முழங்கால் வீக்கம். கம்பளைக்குப் போகிற பாதையில் வெள்ளம், அதனால்தான் வந்தோம் என்று ஹாஜியார் முதலிலேயே சொல்லிக்கொண்டார்.

மூக்கையா அமுக்கிப் பார்த்தார். "மூணு வாரம்."

"சனிக்கிழம பெரிய ஆட்டம் ஈக்கே."

"மூணு வாரங்க."

"சரி, கெடக்கட்டும்" என்றார் ஹாஜியார்.

பாசமா, கஞ்சத்தனமா, அண்ணனுக்குச் சொன்ன சொல்லா? மூக்கையா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்லீங்க. காலைத் தொங்கப் போட விடாதீங்க, தலகாணி வச்சு ஒசத்தி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரை உள்ளே கூப்பிட்டார்.