ஜானகி டாக்டரின் வலது கை

நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தமில்லை. ஆனால் இது கட்டிவிட்ட கதை இல்லை. மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம், கும்மிருட்டு எதுவும் இதில் கிடையாது. எல்லாம் நடந்தது பட்டப்பகலில், செஞ்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில், அரை டஜன் பேர் கண்ணெதிரில். அந்த அரை டஜனில் ஒருத்தி அனுஷா.

அனுஷா செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம். மயக்க மருந்துப் பிரிவில் இரண்டு வாரப் பயிற்சிக்கு அவளைச் சொந்த ஊருக்கே அனுப்பினார்கள், கூட மூன்று மாணவர்கள். ஊசி போட்டால் ஆள் தூங்கிவிடுவான், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நால்வருமே சிரித்துப் பேசிக்கொண்டவர்கள்தான்.

ஜானகி டாக்டரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். மயக்கம் கொடுக்கும் மிஷினைக் காட்டவில்லை. மருந்தின் பெயர் எதையும் கேட்கவில்லை. நோயாளியின் தலைமாட்டில் நிற்கவைத்து ஒரே ஒரு வேலை கொடுத்தார். ஆள் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"தெரியாத ஜனங்க நடுவுல கண்ண மூடச் சொல்றோம். தூங்கற வரைக்கும் கைய விட்டுடாதீங்க. மத்ததெல்லாம் புஸ்தகத்துலயே இருக்குது."

முதல் ஆள் ராஜாங்கம். பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் பெரியவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அனுஷா அவருடைய இடது கையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டார். மாஸ்க் வைத்தார்கள். அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. மருத்துவ மாணவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். மானிட்டரில் இதயத்துடிப்பு மளமளவென்று ஏறியது. அவள் ஆளை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனுக்குச் சுட்டிக்காட்டக் கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் தூங்கிவிட்டிருந்தார். ஜானகி டாக்டர் அதைக் கவனித்தார்.

பெரியவர் கண் விழித்ததும் அனுஷா போய், கையை விட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்ல கண்ணு. நீ விட்டுட்டே, அந்தப் பக்கம் நின்ன பாப்பா புடிச்சிக்கிச்சு. பயப்படாதீங்க தாத்தான்னுச்சு."

அந்தப் பக்கம் இருப்பது மிஷின். அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை வேண்டுமானால் நுழையலாம்... ஆள் நிற்க முடியாது.

மயக்கத்தில் ஆயிரம் உளறுவார்கள் என்று மற்ற மூவரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தளவானூர் விருத்தாம்பாள், கால் எலும்பு முறிந்து வந்தவள், விழித்ததும் நாலு பக்கமும் தேடினாள். அந்தக் கொழந்தை எங்கே, கை அப்படி ஜில்லென்று இருக்கிறதே, அதற்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுவிட ஆளில்லையா என்று கோபித்துக்கொண்டாள். ஜானகி டாக்டர் குனிந்து, குழந்தை ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபிறகு, உளறல் என்று விட்டுவிட அனுஷாவுக்கு மனசு வரவில்லை.

தியேட்டர் நர்ஸ் மீனம்பாளைக் கேட்டாள். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் மீனம்பாள் பேசினாள். டாக்டருக்கு ஒரே மகள், ஆண்டாள், ஒன்பது வயசு. குடல்வால் வெடித்து இதே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தியேட்டரில் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது ஜானகி டாக்டர். பாதியில் விட்டு வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிரும் போகும். அதனால் மகளுக்கு வேறொருவர் மயக்கம் கொடுத்தார்.

"அம்மாவக் கூப்புடுங்க, கைய புடிச்சிக்கணும்னு கேட்டுகினே இருந்துச்சு. அப்படியே தூங்கிடுச்சு. அப்பறம் எந்திரிக்கவே இல்ல."

அதற்குப் பிறகுதான், ரொம்பப் பயப்படுகிறவர்கள் சிலர் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்களாம். மயங்குகிறவர்களுக்குத்தான் அவள் தெரிகிறாள். மயக்கம் கொடுக்கிற தாய்க்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை.

பயிற்சி முடிகிற வாரம் ஜானகி டாக்டருக்கே பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. புதுச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். மாட்டேன், இங்கேதான், இந்த மேஜையில்தான் என்று ஒரே பிடிவாதம். கல் இருக்கிறது என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அனுஷா கவனித்தாள்.

காலை பத்து மணி. வெளியே ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மயக்கம் கொடுக்கத் திண்டிவனத்திலிருந்து பாலமுரளி டாக்டர் வந்திருந்தார். அனுஷா தலைமாட்டில் நின்று கையை நீட்டினாள்.

"நீ புடிக்காத அனுஷா. காலியா இருக்கட்டும்."

இரண்டு வாரமாக விடாதே, விடாதே என்று சொல்லிக்கொடுத்தவர் சொல்கிறார். வலது கையை மிஷின் பக்கம் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டார். அனுஷா நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மாஸ்க். மருந்து. கண்கள் அந்தப் பக்கமே பார்த்தபடி... மெல்ல மூடின.

கை காலியாகத்தான் இருந்தது.

அடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து. அது ஏறினால் இமைகூட அசையாது. மூச்சையே மிஷின்தான் விடும். குழாயைப் பொருத்தினார்கள்.

டிக்... டிக்... மானிட்டர் சத்தம் மட்டும்.

அப்போது வலது கையின் சுண்டுவிரல் மடங்கியது.

அடுத்த விரல்.

அடுத்தது...

மெதுவாக. எதையோ பொத்திப் பிடிப்பதுபோல.

மருந்து போதவில்லையோ என்று பாலமுரளி டாக்டர் நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவியை மணிக்கட்டில் வைத்தார். அசைவில்லை. மறுபடி வைத்தார். அசைவில்லை.

"முழுசா தளர்ந்துதான் இருக்குது." அவர் கருவியை எடுத்து வைத்தார்.

விரல்கள் முழுதாக மூடவில்லை. நடுவே இடைவெளி. ஒரு சின்னக் கை அளவுக்கு.

அனுஷா தொடப் போனாள்.

ஜில்லென்று... காற்று மட்டும்.

கையை இழுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடியும்வரை அந்த விரல்கள் பிரியவே இல்லை. விழிப்பு வருகிற நேரத்தில்தான் தானாக விரிந்தன. ஜானகி டாக்டர் கண் திறந்ததும் முதலில் வலப்பக்கம் பார்த்தார். பிறகு உதடு கோணிக்கொண்டு, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

"வரல அனுஷா. கைய நீட்டிகினே இருந்தேன். யார் யாருக்கோ வந்தா... எனக்கு வரல."

அனுஷா நடந்ததைச் சொன்னாள். நீங்கள் தூங்கிய பிறகுதான் விரல் மடங்கியது என்றாள். சொல்லிக்கொண்டே அந்தக் கையைத் திருப்பினாள். புறங்கையில் நாலு நகத்தடம். சின்னச் சின்னதாக, சிவந்து... ஒருவர் நகம் அதே கையின் புறங்கையில் பதியாது. மீனம்பாளும் பார்த்தாள். பாலமுரளி டாக்டரும் பார்த்தார்.

ஜானகி டாக்டர் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது. பிறகு, அதுவரை யாரும் அனுஷாவிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பிரசவ கேஸ் முடிஞ்சதும் நானும் ஆண்டாள்கிட்ட போனேன். அவ தூங்கினதுக்கப்பறம். கடைசி வரைக்கும் கைய விடவே இல்ல. அது அவளுக்குத் தெரியாதுன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிகினு இருந்தேன்."