திருத்தம் 14: ஒரு நாள்

என் அப்பா டெல்மர் டெப்ஸ் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பயணங்களைத் திட்டமிட்டார். அது அவருடைய வேலை இல்லை. அவருடைய வேலை, கனாப் ஊரில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் முன்மேசையில் உட்கார்ந்து சாவி கொடுப்பது. சாவியை நீட்டும்போது, நாளைக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்பார். வந்தவர்கள் சொல்வார்கள். "அப்படிப் போகாதீங்க" என்பார். அங்கிருந்து ஆரம்பிக்கும்.

பக்கத்து உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தைக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். அதன் வெற்றுப் பக்கத்தில் ஐந்து பத்திகள் போடுவார்: நேரம், மைல், பெட்ரோல், கழிப்பறை, நிழல். ஐந்தாவது அவருடைய சொந்தச் சேர்க்கை. பெட்ரோல் தீர்ந்து நிற்பவன்கூட நிழலில் நின்றால் பிழைத்துக்கொள்வான் என்பார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு ஆர்ச்சஸ் பூங்காவைப் பற்றி அவர் அரை மணி நேரம் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். எந்தக் கல் வளைவின் கீழ் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்தக் கழிப்பறையின் கதவு சரியாகச் சாத்தாது என்பது வரைக்கும் சொன்னார். அவர் ஆர்ச்சஸ் பூங்காவைப் பார்த்ததில்லை. அவர் ஆட்களை அனுப்பிய ஒன்பது பூங்காக்களில் ஏழு பூங்காக்களை அவர் பார்த்ததில்லை. போய்விட்டுத் திரும்பும் வழியில் மோட்டலில் தங்குகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த விவரம் அது. மார்ச் முதல் அக்டோபர் வரை ஊருக்குக் கூட்டம் வரும். அவர் மேசையை விட்டு நகர முடியாது. நவம்பரில் அவர் ஓய்வாக இருப்பார். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். பிறகு எனக்கு வேலை இருந்தது.

ஆறுகளில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. சால்ட் லேக் நகரத்தில் அலுவலகம். பெரும்பாலான நாட்களில் கருவி சொல்லும் விடை: குறைவு.

அம்மா எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது பாய்ஸி நகரத்துக்குப் போய்விட்டார். வெயில்தான் காரணம் என்றார். அப்பா அதை நம்பினார்.

நான் கல்லூரிக்குப் போன வருடம் அப்பா எங்கள் இருவருக்குமாக ஒரு திட்டம் போட்டார். பதினான்கு நாள், ஒன்பது பூங்காக்கள், பதினோரு ஊர்கள். மேலே "திருத்தம் 1" என்று எழுதியிருந்தார். அது முதல் பிரதி, அதற்குத் திருத்தம் என்று பெயர் வைக்கக் கூடாது என்று நான் சொன்னேன். "எப்படியும் திருத்தத்தானே போற" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்காது என்றேன். திருத்தம் 4 ஒன்பது நாளானது. மீசா வெர்டே பூங்காவும் கல்லாகிப்போன காடு என்ற பூங்காவும் பட்டியலிலிருந்து போயின. திருத்தம் 7 ஆறு நாள். திருத்தம் 11 ஒரு நீண்ட வாரக் கடைசி. ஒவ்வொரு முறையும் முழுவதையும் புதிதாக எழுதுவார். அடித்துத் திருத்திய காகிதத்தை நம்பி பாலைவனத்துக்குள் போகக் கூடாது என்பது அவர் விதி. தனியாகப் போய்விட்டு வரலாமே என்று ஒரு தடவை சொன்னேன். திட்டம் போடுகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் விபத்து நடக்கும் என்றார்.

எழுபத்து மூன்றாவது வயதில் அவருக்கு நுரையீரல் இறுகத் தொடங்கியது. காரணம் தெரியாது என்றார் மருத்துவர். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. வெளியே போக வாரத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் கொடுத்தார்கள். அளவு இரண்டில் வைத்தால் ஒன்று மூன்று மணி நேரம் வரும். அப்பா தன் ஐந்து பத்திகளோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்.

ஏப்ரலில் போனில் கேட்டார். "உனக்கு எத்தன நாள் லீவு கெடைக்கும், கொரின்?"

"இப்போதைக்கு ஒரு நாள்ப்பா."

காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒரு நாளுக்கு ஒரு எடம்தான். சனிக்கிழம கூட்டமா இருக்கும். செவ்வாக்கிழம வா."

அப்படி வந்தது திருத்தம் 14. பேஜ் ஊருக்கு அப்பால், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், பாறைக்குள் பிளந்து கிடக்கும் ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. உச்சி நெருங்கும்போது மேலே உள்ள வெடிப்பின் வழியாக ஒற்றைக் கம்பம் போல வெயில் தரையில் இறங்கும். கால் மணி நேரம் நிற்கும், போய்விடும். அதைப் பார்க்க அப்பா இருபது வருடமாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். ரோலண்டா பிட்சூயி என்ற பெண்ணின் குடும்பம்தான் அங்கே அழைத்துப் போகும். அப்பாவுக்கு அவரைப் போனில் கேட்ட குரலாக மட்டும் தெரியும்.

இங்கே நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் வீடு ஃப்ரெடோனியாவில் இருக்கிறது, அது அரிசோனா மாநிலம். ஏழு மைல் தள்ளி கனாப், அது யூட்டா. கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது. எங்கள் ஊரில் யார் எதற்கு எத்தனை மணிக்கு அழைத்தாலும், யூட்டாவின் வேக நேரமா அரிசோனாவின் மெது நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவார்கள். அப்பாவின் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. நவஹோ நிலம் அரிசோனாவுக்குள் இருந்தாலும் கோடையில் யூட்டாவோடு சேர்ந்து முன்னே போகும். வெளியூர்க்காரர்களுக்கு இது தலையைச் சுற்றும். அப்பாவுக்குச் சுற்றாது. காகிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு கோடு போட்டு எழுதுவார்: போன் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

ரோலண்டா கொடுத்த நேரம் பதினொன்றரை. நவஹோ நிலத்தில் பதினொன்றரை என்றால் எங்கள் மெது நேரத்துக்குப் பத்தரை. எட்டரைக்குக் கிளம்புவது, ஒரு மணி நாற்பது நிமிடம் ஓட்டுவது, இருபது நிமிடம் இளைப்பாறுவது, உள்ளே ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒரு மணி நாற்பது. ஆக ஐந்து மணி பத்து நிமிடம். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஆறு மணி நேரம். மிச்சம் ஐம்பது நிமிடம். நான் முழுவதையும் சரிபார்த்தேன். கீழே என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அலுவலகத்தில் அப்படித்தான் செய்வோம்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். நான்கு மைலில் யூட்டா எல்லை வந்தது. காரின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே குதித்தது. பேஜ் ஊர் அணைக்கு முன்னால், மறுபடி அரிசோனா வந்ததும், திரும்பப் பின்னே வந்தது. பேஜ் தாண்டி நவஹோ நிலம் வந்ததும் மறுபடி குதித்தது. அப்பா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பள்ளிப் பிள்ளை சரியாக ஒப்பித்தது போல. வழியில் எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தங்கள் எல்லாம் திருத்தம் 13-லேயே போய்விட்டன.

எங்கள் நேரப்படி பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல்மேட்டில் தகரக் கூரை, அதன் கீழ் இரண்டு பெஞ்சுகள். திட்டத்தில் நிழல் என்ற பத்தியில் "தகரக் கூரை, பெஞ்சு இரண்டு, பொரித்த ரொட்டி கிடைக்கும்" என்று எழுதியிருந்தது. இருந்தது. ஆட்கள்தான் யாரும் இல்லை. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டயர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பெயரைச் சொன்னார். அந்தப் பெண் எழுந்தார்.

"கனாப் டெல்மரா? இன்னும் ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீ இன்னும் மரியாதையா இருப்பேன்னு நெனச்சேன், ரோலண்டா."

பதினொன்றரைக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, உட்காருங்கள் என்றார் ரோலண்டா. இருபது நிமிடம்தானே என்றார் அப்பா. ஒரு மணி இருபது நிமிடம் என்றார் ரோலண்டா.

அப்பா மெதுவாக, வெளியூர்க்காரருக்குச் சொல்வது போல, நவஹோ நிலத்தின் கோடை நேரத்தை ரோலண்டாவுக்கு விளக்கத் தொடங்கினார். ரோலண்டா முழுவதையும் கேட்டார்.

"எங்க வீட்டுல அந்த நேரம்தான், பெரியவரே. ஆனா வர்ற சனம் எல்லாம் பேஜ்ல தூங்கி எந்திரிச்சு வருது. அதனால கடைக்கு பேஜ் நேரம். ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்."

அப்பா காகிதத்தை எடுத்து, அடியில் போட்டிருந்த இரண்டு கோட்டைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க மட்டும்தான் எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடி வருவாங்க. கனாப்புல டெல்மர்னு ஒருத்தர், நிதானமா உக்காந்து பாத்துட்டு உள்ள போங்கன்னு சொல்லி அனுப்புறார்போலன்னு நெனச்சோம். அவங்களுக்காகத்தான் இந்தக் கூரையே போட்டது. பாவம், வெயில்ல நின்னாங்க. ரொட்டியும் அவங்களுக்குன்னுதான் ஆரம்பிச்சோம்."

இருபது கோடைகள். திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பற்றிச் சொன்னார்கள், ரொட்டியைப் பற்றிச் சொன்னார்கள். அப்பா குறித்துக்கொண்டார். அதைத் தின்ன அவர்களுக்கு எப்படி நேரம் கிடைத்தது என்று கேட்கவில்லை. எதுவும் தெரியாத வெளியூர்க்காரன் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பான். ஒரு மணி நேரம் தப்பாக வருவதற்கு எங்கள் ஊர்க்காரனாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மகளும் அதே ஊர்தான்.

நான் கணக்குப் பார்த்தேன். அறுபது நிமிடம் கூடுதல், ஐம்பது நிமிடம் மிச்சம். வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்தில் சிலிண்டர் தீரும்.

இப்போதே கூட்டிப்போகட்டுமா, வெயில் இறங்காது, ஆனால் பள்ளத்தாக்கு அங்கேயேதான் இருக்கும் என்றார் ரோலண்டா. அதுதான் சரி என்றேன் நான். அப்பா முடியாது என்றார்.

"பதினொண்ணரைக்கு முன்னாடி உள்ள போறதும் போகாம இருக்கறதும் ஒண்ணுதான்னு எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன்."

"அதையும் தப்பாத்தானப்பா சொல்லியிருக்கீங்க."

"வெளிச்சம் விஷயத்துல தப்பு இல்ல. கடிகாரத்துலதான்."

பிறகு கையை நீட்டி, சிலிண்டரின் திருகை இரண்டிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினார். உட்கார்ந்திருக்கும்போது ஒன்று போதும் என்றார். போதாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படி ஒரு மணி நேரம் இருந்தால் முப்பது நிமிடம் மிச்சமாகும். வீடு போய்ச் சேரலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியை அவர் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று ஒன்று காட்டியது. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் திருகை நான் திருப்புவேன், காரையும் திருப்புவேன் என்றேன். சம்மதித்தார்.

அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தோம். எண்பத்தொன்பது. ரோலண்டா ரொட்டி கொண்டுவந்தார். அப்பா அதைப் பிட்டு, தின்னாமல், பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு.

"கோடைக்கு நாப்பது வண்டி அனுப்பியிருப்பேன். இருபது வருஷம். எவ்வளவு?"

"எண்ணூறு மணி நேரம்."

"நாளாச் சொல்லு."

"முப்பத்து மூணு நாள். கொஞ்சம் கூட."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "முன்ன பின்ன தெரியாதவங்க லீவுல முப்பத்து மூணு நாள் எடுத்திருக்கேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. உன்கிட்ட பதினாலு நாளுதான் கேட்டேன்."

எண்பத்தேழு. நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க வேறொன்றும் இல்லை.

பதினொன்று இருபதுக்கு எண்பத்தாறாக இருந்தது. திருகை இரண்டுக்குத் திருப்பினேன். அதற்குள் பேஜ் நேரப்படி வந்த கூட்டம் நிரம்பியிருந்தது. ரோலண்டா அப்பாவைத் தன் லாரியில் முன்னால் உட்கார வைத்தார். பள்ளத்தாக்கின் வாயிலிருந்து நூற்றைம்பது அடி நடந்தோம். நான்கு தடவை நின்றோம். உள்ளே உட்காரக் கூடாது என்பது விதி. ரோலண்டா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

வெயில் இறங்கியது. அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கம்பத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் திரும்பி, எதிர்ச் சுவரோரம் அண்ணாந்து நின்ற ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார். கொரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு கிழவர்கள், வாயைத் திறந்தபடி ஒரு பெண். வெயில் போகும்வரை அவர்களையே பார்த்தார். வெளிச்சத்தைப் பாருங்கள் என்று காதில் சொன்னேன்.

"அது எல்லாரும் சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார். "இவங்க மூஞ்சியப் பத்தித்தான் யாரும் சொல்லல."

வீட்டுக்குள் நுழைந்தபோது சிலிண்டரில் பதினெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

பதினொரு வாரம் கழித்து, ஜூலையில், அப்பா இறந்தார். கனாப் மருத்துவமனையின் சான்றிதழில் காலை 6.10 என்று இருக்கிறது. ஃப்ரெடோனியாவிலிருந்து போன் செய்தவர்கள் எல்லோரும் வேக நேரமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சாவு வீட்டுக்கு இங்கே உருளைக்கிழங்கைப் பாலாடைக்கட்டியோடு அடுப்பில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒன்பது தட்டுகள் வந்தன. ரோலண்டா ரொட்டி கொண்டுவந்தார். இறுதிச் சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார், வேண்டுமென்றுதான் என்றார்.

அலுவலகம் எனக்கு மூன்று நாள் துக்க விடுப்பு கொடுத்தது. கேட்காமலே கொடுத்தது.

மூன்றாவது நாள் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். திருத்தங்கள் வரிசையாக இருந்தன. பதினான்கு இருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து இருந்தன. கடைசியாக இருந்தது உணவகக் காகிதத்தில், மே மாதத் தேதியோடு. மேலே "திருத்தம் 15: இரண்டு நாள்" என்று எழுதியிருந்தார். முந்தையதைவிட நீளமான திருத்தம் அது ஒன்றுதான்.

முதல் நாள், ரோலண்டாவின் இடம். நேரம் என்ற பத்தியில்: 11.30 என்றால் 11.30. இரண்டாம் நாள், ஆர்ச்சஸ். நிழல் மாலை நான்குக்கு மேல். கீழே இரண்டு வரிகள்.

சிலிண்டர் நான்கு: கேட்டாயிற்று, தருவார்கள்.

கொரினுக்கு லீவு: கேட்க வேண்டும்.