நான்கு மில்லிமீட்டர் கூடுதல்

என் மேசை இழுப்பறையில் பதினேழு பொருள்கள் இருக்கின்றன. பதினாறுக்குப் பயன் உண்டு. பதினேழாவது, ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சு. ஐம்பது மில்லி என்று பெயர். ஆனால் அதற்கு மேலும் பத்துக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். முனை, வெடித்திரி சுற்றும் பச்சைத் தாளால் அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாக இறுகிப்போன ஒன்று. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வேன். மாறியிருக்காது என்று தெரியும். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவனால் பார்க்காமல் இருக்க முடியாது.

அது என் சம்பந்தியிடமிருந்து வந்தது. என் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருந்தேன். நாங்கள் விருதுநகர், அவருக்கு விஸ்வநத்தத்தில் வீடு, ஊருக்கு வெளியே பதினான்கு அறைகள் கொண்ட பட்டாசுக் கம்பெனி. புஸ்வாணத்துக்கு மருந்து அளக்கும் குப்பியை அவரே தலைதட்டிக் காட்டுவார். யாராவது கூம்பாக அள்ளினால் கையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். வீட்டிலோ நேர்மாறு. அவர் பரிமாறினால் நான் மனத்துக்குள் இட்லியை எண்ணிக்கொண்டிருப்பேன். ஆறு என்று முடிப்பதற்குள் எட்டாகியிருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவர் வீட்டுக்கு ஒரு ஹைபிரிட் கார் வந்தது. பெட்ரோல் என்ஜினும் உண்டு, துணைக்கு மின் மோட்டாரும் உண்டு. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக உயிர்பெறும். மதுரையில் என் கொழுந்தியாள் வீட்டுப் பால்காய்ப்புக்கு நாங்கள் பஸ்ஸில் போவதாகக் கேள்விப்பட்டு அவர் பதறிவிட்டார். "எங்க வீட்டு வண்டி சும்மா நிக்க, நீங்க பஸ்ல போவீகளா? பாக்கிறவுக என்னைய என்ன நெனைப்பாக?" என்று சாவியை என் சட்டைப் பையில் அவரே போட்டார். எங்கள் பழைய கார் அப்போது பட்டறையில் கிடந்தது.

மூன்று நாள், நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர். கீறல் இல்லை. திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் வினை. எங்கள் பக்கத்தில் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். ஒரு கை சீனியாவது, நாலு முறுக்காவது போட்டுத்தான் கொடுப்போம். காரும் வாங்கிய பாத்திரம்தானே? பெட்ரோல் டாங்கியை நிரப்பினேன். அது போதாதென்று வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு பானட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. எங்கள் பழைய கார் எண்ணெய் குடிக்கும் ஜாதி. அதற்கு வாங்கிய டப்பா வீட்டில் இருந்தது. ஒரு டம்ளர் ஊற்றினேன்.

ஊற்றிய பிறகுதான், என்ஜின் நின்று சில நிமிடம் கழித்தே அளக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மேலே ஏறிய எண்ணெய் கீழே வடிய வேண்டாமா? பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தேன். மேல்கோட்டுக்கு மேலே நான்கு மில்லிமீட்டர். அடிக்கோல் வைத்து அளந்தேன். ஆறு முறை அளந்தேன். ஒரு சொட்டு கூடிப்போனதற்காகப் பிள்ளைகளின் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைத்த கை இது.

வண்டியைக் கொண்டுபோகும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நின்றேன். என்ஜினும் நின்றது. மூன்று நாளாக இப்படித்தான் நின்றது; ஆனால் இப்போது அது தன் வழக்கப்படி நின்றதா, என் எண்ணெயால் நின்றதா என்று எப்படித் தெரியும்? சாவதும் தூங்குவதும் ஒன்றுபோலவே இருக்கும் வண்டி. இருநூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன். கேட் திறந்தது. காலை எடுத்தேன். உறுமியது. எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

சம்பந்தி வீட்டில் காப்பி கொடுத்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அவர் கம்பெனிக் கதையைத் தொடங்கினார். "இன்னிக்கு ஒருத்தன் மருந்த ஒரு சிட்டிகை கூட அமுக்கிட்டான் சம்பந்தி. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாலேன்னுட்டேன். கூடுனது எம்புட்டுங்கிறது பேச்சில்ல. கூடிருச்சுல்ல?" திறந்த வாயைக் காப்பியால் அடைத்தேன். மகள் அந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'உங்கப்பா தொட்டதுல இருந்துதான் வண்டிக்கு நோக்காடு' என்று ஒரு சொல் அந்த வீட்டில் பிறந்துவிட்டால், வாழ்நாள் முழுக்க அதை அவள்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பட்டறைக்காரரிடம் யாரோ ஒருவருடைய கார் என்று சொல்லிக் கேட்டேன். "இம்புட்டுண்டு கூடுனா ஒண்ணும் ஆகாது சார். ரொம்ப ஊத்துனாத்தான் நுரைச்சுப் பொங்கும், சீல்ல கசியும்" என்றார். நிம்மதியாக நாலு அடி நடந்திருப்பேன். "என்ன வண்டி?" என்றார். சொன்னேன். "அது ரெண்டு உசிரு வண்டில்ல? அதப் பத்தி எனக்குத் தெரியாது சார்" என்றார்.

மருந்துக் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய சிரிஞ்சும் ஒரு நீளமான டியூபும் கேட்டேன்.

"வீட்ல யாரும் படுக்கையா சார்?"

"இல்ல. உள்ள கூடிப்போனத வெளிய எடுக்கணும்."

"வயசு என்ன?"

"அஞ்சு மாசம்."

கடைக்காரர் முகம் வாடிப்போயிற்று. "அய்யோ. பச்சப்புள்ளைக்கு இம்புட்டுப் பெருசு வேண்டாம் சார்."

"புள்ள இல்ல. ஆயிரத்து இருநூறு கிலோ" என்றேன். அவர் இரண்டையும் அவசரமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் விஸ்வநத்தம் போனேன். கையில் முறுக்குப் பை. முறுக்குக்கு அடியில் சிரிஞ்சு. எல்லோரும் எழுவதற்குள் முடித்துவிடுவது என் திட்டம். கேட்டைத் திறந்தால் காரின் பானட் ஏற்கெனவே திறந்திருந்தது. பனியனும் வேட்டியுமாக ஒருவர் உள்ளே தலையை விட்டிருந்தார். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் துண்டு. என்னைக் கண்டதும் சம்பந்தி குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"வாங்க சம்பந்தி" என்றார், திருடன் போலீஸை வரவேற்பதுபோல.

முறுக்குப் பையைச் சாய்த்தேன். சிரிஞ்சு எட்டிப் பார்த்தது. அவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான் ஒரு டம்ளர் ஊத்திட்டேன் சம்பந்தி" என்றேன்.

"நீங்களுமா?" என்றார். "உங்களுக்குக் குடுக்குறதுக்கு மொத நா நான் அர டம்ளர் ஊத்துனேன். வெறும் வண்டியவா சம்பந்தி வீட்டுக்கு அனுப்புறது? பெறவு பாத்தா கூடிக்கெடக்கு. மெதுவாப் பேசுங்க, பானட்டத் தொடக் கூடாதுன்னு எம் மகன் சொல்லியிருக்கான்."

இருவரும் வேலையில் இறங்கினோம். அவர் பட்டாசுக் கம்பெனி வழக்கப்படி பக்கத்தில் மணல் வாளி ஒன்றும் தண்ணீர் வாளி ஒன்றும் வைத்திருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். குச்சி இருந்த குழாய் வழியே டியூபை விட்டு நான் இழுத்தேன். நான்கு சிரிஞ்சு போதும் என்பது என் கணக்கு. "இன்னும் ஒண்ணு, பாதுகாப்புக்கு" என்றார். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதில் இரண்டைத் திரும்ப ஊற்றினோம். மொத்தம் ஆறு வெளியே, இரண்டு உள்ளே.

"அப்பா! எப்ப வந்தீக?"

பின்னால் என் மகள், காப்பித் தட்டோடு.

"ஒண்ணுமில்லம்மா, வண்டிக்கு ரத்தம் எடுக்கோம்" என்றார் சம்பந்தி.

"அவுக மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காக மாமா. இதுவரைக்கும் எத்தன ஊசின்னு கேட்டுட்டு வரச் சொன்னாக."

மாப்பிள்ளை இறங்கி வந்தார். குச்சியைப் பார்த்தார். "வண்டி திரும்பி வந்த அன்னைக்கே பாத்தேன் மாமா. ரெண்டு பேருமே ஊத்தியிருப்பீகன்னு தெரியும். கோட்டுக்கு மேல இம்புட்டுண்டு நின்னா ஒண்ணும் செய்யாது. ஹைபிரிட்டுன்னாலும் என்ஜின் என்ஜின்தான்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாமனாருக்கு முன்னால் அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. ரயில்வே கேட்டில் போன மூச்சு அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது.

பஸ் ஏறும் அவசரத்தில் சிரிஞ்சை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மகள் கொண்டுவந்தாள். சம்பந்தி அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, முனையைத் திரித்தாளால் அடைத்து, உள்ளே சீனி போட்டு அனுப்பியிருந்தார். வாங்கிய பாத்திரம் அல்லவா?

அந்தக் கார் கைமாறிப் போய்விட்டது. கடைசிவரை என்ஜினில் ஒரு குறையும் இல்லை. சம்பந்தி போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சீனி கட்டியாகி, கோட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்று காலையும் பார்த்தேன். ஐம்பதுக்கு மேலே இரண்டு கோடு நிற்கிறது. தொழிலில் ஒரு சிட்டிகை கூடவிடாத மனிதர், கை தவறிப் போட்டிருக்க மாட்டார்.