கரியரில் ஏறிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

கல்முனை பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்குள் வைத்து என் மனைவி எனது மானத்தை வாங்கினாள். இப்போது அதை நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன். அன்றைக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முன்பெல்லாம் எங்கள் இளைய மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் சைக்கிளில் ஏற்றிப் போவாள். ஒருநாள் பிள்ளையின் குதிக்கால் சுழலும் பின்சில்லுக் கம்பிக்குள் அகப்பட்டுவிட்டது. காயம் ஆறியபின்னும் உம்மாவின் சைக்கிளைக் கண்டாலே பிள்ளை அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வாசலில் நின்று எங்களைப் பார்க்கும் மனைவியின் முகத்தைத்தான் பார்க்க முடியாது.

"புள்ளைக்கு என்னில நம்பிக்கை போயிட்டு" என்று ஒருநாள் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகுதான் புதுச் சைக்கிள் வாங்கப் போனோம்.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு கியர் சைக்கிளில் என் கண் போய் ஒட்டிக்கொண்டது.

"எங்கட சாய்ந்தமருதுல ஏறுறதுக்கு எந்த மலை இரிக்கி?" என்றாள் மனைவி. நான் கியர் சைக்கிளை விட்டு நகர்ந்தேன்.

கடைக்காரர் அபாயா சிக்காதபடி செயினை முழுதாக மூடிய லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் காட்டினார். அவள் ஹான்டிலைத் தொடவே இல்லை. நேரே பின்னால் போய்க் கரியரில் ஏறி உட்கார்ந்து, "உருட்டுங்க" என்றாள். டயர் அடுக்குகளுக்கு நடுவே நான் உருட்டினேன். அவள் கால்களைத் தொங்கப்போட்டாள், ஆட்டினாள், தூங்கி விழும் பிள்ளையைப் போல ஒரு பக்கம் சாய்ந்தும் பார்த்தாள். கடையே சிரித்தது.

"ராத்தா, ஓட்டிப் பாக்கல்லியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்கு எதுவும் ஓடும். பின்னுக்கு இரிக்கிற புள்ளட கால் எங்க போகும் எண்டு பாக்க வாணாமா?"

சிரிப்பு நின்றது. அவர் பின்சில்லின் இரண்டு பக்கமும் கம்பிவலை பூட்டி, கால் ஊன்றக் கால்மிதி வைத்து, கரியருக்கு மெத்தையும் போட்டுத் தந்தார். இத்தனை வருஷம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் கரியரில் இருந்து யோசித்ததில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை பார்த்தேன். எங்கள் ஊரில் புதுச்சாமானின் பொலித்தீனை யாரும் லேசில் கிழிப்பதில்லை. சோபாவாக இருந்தாலும் சரி, ஓட்டோ சீட்டாக இருந்தாலும் சரி, அது தானாகக் கிழிந்தால்தான் உண்டு. மெத்தையின் பொலித்தீனையும் யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

மறுநாள் காலை பிள்ளையைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினோம். சைக்கிள் நகர்ந்ததும் பொலித்தீனில் வழுக்கி, "வாப்பா!" என்று அலறிக்கொண்டு என்மேல் பாய்ந்துவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மனைவி மெத்தையைத் தடவிப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பல்லால் கடித்துப் பொலித்தீனைக் கிழித்தெறிந்துவிட்டு, எங்கள் ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரரெல்லாம் பார்த்திருக்க, மறுபடி கரியரில் ஏறினாள்.

"உருட்டுங்க."

பள்ளிவாசல் மூலை வரைக்கும் உருட்டினேன். இந்தத் தடவை எனக்கு வெட்கமே வரவில்லை. பிள்ளை உம்மாவின் கால்களையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாள். மூலையில் நின்று, "இனி நான்" என்றாள்.

மனைவி முன்னால் ஏறி மிதிக்க, பின்னால் ஏறியவள் முதலில் கால்களைத் தூக்கித்தான் வைத்திருந்தாள். தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நான் பின்னால் ஓடினேன். கொஞ்சத் தூரம் போனதும், தழும்பு விழுந்த அந்தக் குதிக்கால் மெல்ல இறங்கிக் கால்மிதியில் ஊன்றியது. அல்ஹம்துலில்லாஹ், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் திரும்பிப் பார்த்து, "வாப்பா, நீங்க வீட்ட போங்க" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். மனைவி திரும்பவில்லை. ஆனால் முன்னால் ஒருவருமே இல்லாத ஒழுங்கையில் பெல்லை அடித்துக்கொண்டே போனாள்.