வாய் நுரைத்த குதிரை

என் கணவர் பாசிக்குடாக் கடற்கரையில் குதிரைச் சவாரி விடுகிறவர். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. போன வருடம் அது தலையை உதறத் தொடங்கியது. கடிவாளத்தைப் பிடித்தாலே வாயை இறுக்கிக்கொண்டு முகத்தை மேலே தூக்கும். ஒருநாள் ஒரு பிள்ளை விழப் பார்த்தது.

"இனி வைச்சிருக்கேலாது. வித்துப்போட்டு ஓட்டோ எடுப்பம்" என்றார். தான் பல் விளக்க மறந்தாலும் குதிரைக்குத் தண்ணீர் வைக்க மறக்காத மனுஷன் பேசிய பேச்சு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விக்கிறதுக்கு முதல் வாயப் பாருங்க" என்றேன். பார்த்தோம். வாயில் போட்டிருந்த இரும்பு மெல்லியது, முறுக்குக் கம்பி. கடைவாய் இரண்டும் புண். நாக்கு காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு எச்சில் இல்லை. அந்த வறண்ட வாயைத்தான் சவாரிக்கு வருகிறவர்கள் சுத்தமான குதிரை என்று மெச்சினார்கள்.

கட்டாரில் குதிரை லாயத்தில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வந்தபோது வேறொரு கடிவாள இரும்பு கொண்டுவந்தான். விரல் தடிப்பு, வழுவழுப்பு, நாக்கில் படியும்படி நடுவில் சின்னச் செம்புத் துண்டு. "செம்பு பட்டா வாய் ஊறும் அக்கா. ஊறினா இரும்பு உரசாது" என்றான். புண் ஆறும்வரை காத்திருந்து அதைப் போட்டோம். குதிரை மெதுவாக மென்றது. கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் வெள்ளையாக நுரை.

வயல் சூழ்ந்த ஊர் எங்களது. எங்கள் பக்கத்தில் வாய் நுரைத்தால் ஒரே அர்த்தம்தான், நஞ்சு. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள். "என்னகா, வயல் வட்டைக்குள்ள மருந்தடிச்ச புல்லத் திண்டிட்டுது போல!" அடுத்த நிமிடம் பாதித் தெரு எங்கள் முற்றத்தில். ஒருவர் புளி கரைக்கச் சொன்னார். குதிரை எல்லாரையும் பார்த்தபடி மென்றுகொண்டே நின்றது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒருகணம் சந்தேகம் வந்தது; செம்பு பற்றிச் சொன்ன பிறகுதான் எல்லாரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள்.

கடற்கரையில்தான் சிரிக்க முடியவில்லை. நுரையைக் கண்டதும் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். குதிரைக்கு வருத்தம், ஏதோ நோய் என்று கதை பரவியது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் அவர் பழைய இரும்பைக் கையில் எடுத்தார்.

"சனம் பயப்படுது. நான் என்ன செய்ய?"

"போடுங்க. போட்டுப் பாருங்க" என்றேன். எனக்குக் கோபம்.

அவர் அதை முகத்தருகே கொண்டுபோனார். குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. வேலியில் முட்டிய பிறகும் நிற்கவில்லை. அவர் பழையதைக் கீழே போட்டார். பிறகு புதியதை எடுத்து நீட்டினார். அது தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு தாய், மகனின் கையை இறுக்கிப் பிடித்தபடி, "குதிரைக்கு வருத்தமா அண்ணன்? வாயெல்லாம் நுரைக்குதே" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சவாரிக்கு ஆள் பிடிக்க எப்போதும் அவசரப்படுகிற என் கணவர், நுரையை உள்ளங்கையால் வழித்துத் தான் உடுத்திருந்த சாரத்திலேயே துடைத்தார்.

"வருத்தமில்ல தங்கச்சி. முந்தித்தான் வாய் நொந்து கிடந்தது, எனக்கு விளங்கல்ல. இப்ப நோகல்ல, அதான் ஊறுது. பயமெண்டா புள்ளய ஏத்த வேணாம்."

அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இனி விற்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.