மூன்றாம் தூணில் விட்ட வேர்

என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் ஓர் உளி கிடக்கிறது. முழங்கை நீளம். லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்தது. நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நெடுஞ்சாலைத் துறையின் எந்தச் சாமான் பட்டியலிலும் இப்படி ஒரு கருவி கிடையாது. போன வாரம், பழைய பாலத்தை இடிக்கப் பரிந்துரைக்கும் அறிக்கை என் கையெழுத்துக்கு வந்த அன்று, பேனாவைத் தேடப் போய் இதுதான் கையில் தட்டுப்பட்டது.

சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணியின் குறுக்கே நிற்கும் கல்பாலம் அது. நான் உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது, அதைப் பராமரித்த சாலைப் பணியாளர்களுக்கு மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் மேஸ்திரி. முகத்துக்கு நேரே பேசுகிறவர். அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் பிடிக்காது. காக்கை எச்சத்தோடு வந்து விழும் அரச விதை கல்லிடுக்கில் முளைத்து, வேர்விட்டு, சுண்ணாம்புச் சாந்தைப் பிளந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் அதை எடுத்தாக வேண்டும். ஆனால் சாமி மரத்தின் வேரில் உளி வைக்க மற்றவர்களுக்கு மனசு வராது. கைப்பிடிச் சுவரில் வடம் கட்டி, பலகையில் உட்கார்ந்து, மேஸ்திரிதான் இறங்குவார்.

"பாயி, நீரே தோண்டிரும் வே. அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்பார்கள் மேலிருந்து.

"அப்ப எனக்கு மட்டும் வேணுமாக்கும்?" என்று கீழிருந்து குரல் வரும்.

இத்தனைக்கும் அவர் ஒரு கன்றைக்கூடச் சாகவிட்டதில்லை. வேர் நுனிவரை கொக்கியால் பைய நெம்பி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, கரையில் கொண்டுபோய் நடுவார். ஒரு கன்றுக்கு அரை நாள் போய்விடும். வீண் வேலை என்று நான் எரிச்சல்படுவேன்.

ஒரு வருஷம் பெரிய அதிகாரி ஒருவர் பாலத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கையில் இருந்தது இரண்டே நாள். மூன்றாம் தூணில் இடுப்பளவுக்கு ஓர் அரசங்கன்று. "மேல வெட்டிட்டு வெள்ளையடிச்சிருங்க மேஸ்திரி, பொறவு பாத்துக்கலாம்" என்றேன்.

"தலைய வெட்டிட்டா ஆச்சா மேடம்? வேரு உள்ள கெடந்து அது வேலையப் பாக்கத்தான் செய்யும்" என்றார்.

இங்கே பொறியாளர் யார் என்று கேட்டேன். கன்றை மேலே வெட்டி வெள்ளையடிக்கச் செய்தார். ஆனால் 'செடிகள் வேருடன் அகற்றப்பட்டன' என்ற பதிவேட்டுக் குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் போட்டேன். நான் சொன்ன அந்த 'பொறவு' வரவே இல்லை. அந்த வருஷமே அவர் ஓய்வுபெற்றார். கடைசி நாளில் இந்த உளியை என் மேசையில் வைத்து, "இது ஆபீஸ் சாமான் இல்ல மேடம், எஞ்சாமான். இனிமே உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மேலே வெட்டி வெள்ளையடிப்பதே வழக்கமாகிவிட்டது. வேரைத் தொட வேண்டாமே என்று பணியாளர்களுக்கும் நிம்மதி. நான் மாற்றலாகிப் போனேன்.

இப்போது உதவிக் கோட்டப் பொறியாளராக அதே இடத்துக்குத் திரும்பியிருக்கிறேன். பக்கத்திலேயே புதிய நெடுஞ்சாலைப் பாலம் எழுந்துவிட்டது. உயரமான பாலம், கரையோர ஊர்க்காரர்கள் அதில் ஏற நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும், சுற்றி முடித்த பீடிக் கட்டுகளை இடுப்பில் வைத்து நடக்கும் பெண்களுக்கும் பழைய பாலம்தான் வழி. இடையில் வந்த பெருவெள்ளத்தில் அதன் தலைக்குமேல் தண்ணீர் போனது. ஒரு கல் பெயரவில்லை. மேஸ்திரி நட்ட அரச மரங்கள் நின்ற இடத்தில் கரையும் அரிக்கவில்லை. அறிக்கையில் அதெல்லாம் இல்லை. மூன்றாம் தூணின் விரிசலைப் பெரிதாகப் படம்பிடித்து ஒட்டி, 'காரணம்: பழமை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். செய்ததெல்லாம் நாங்கள், பழி கல்லுக்கு.

உளியை எடுத்துக்கொண்டு நேரே ஆற்றுக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் ஏணி போட்டு ஏறி, விரிசலுக்குள் கொக்கியை விட்டு இழுத்தேன். வெளியே வந்த துணுக்கில் பால் கசிந்தது. வேர் இன்னும் உயிரோடு இருந்தது.

திரும்பி வந்து 'பழமை'யை அடித்துவிட்டு, 'வேரை எடுக்காமல் செடியை மட்டும் வெட்டும்படி நான் உத்தரவிட்டதே காரணம். வேரை நீக்கிச் சாந்திட்டால் இலகு வாகனங்களுக்கு இப்பாலம் போதும்' என்று எழுதினேன். பழைய பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்தேன். மேலதிகாரி போனில் கத்தினார்: "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போடுதியளே!" என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. என்ன ஆனாலும் அந்த வரியை மாற்றப்போவதில்லை.

இன்று காலை பணியாளர்களைக் கூப்பிட்டு வடமும் பலகையும் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மேடம், சாமி மரம்லா? வேருல யாரு கை வைக்க?" என்று தயங்கினார் ஒருவர்.

இழுப்பறையைத் திறந்து உளியை எடுத்தேன். "ஈரச் சாக்கு ஒண்ணு கொண்டாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணும்" என்றேன்.