வானத்தில் ஒரு புள்ளி

எங்கள் அத்தானுக்கு, அக்காவின் கணவருக்கு, ஊர் வைத்த பட்டப்பெயர் ‘அழகுக்கை’. ஸ்டூடியோ வைத்திருந்தார். அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவானாலும் நெகட்டிவில் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு ஆளைத் தேற்றிவிடுவார். அந்தக் கையால் கரையேறிய கல்யாணங்கள் எத்தனையோ. தன் கன்னத்துத் தழும்புகளை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்.

ஸ்டூடியோ மாடிக்கு நேரெதிரே மலை. அதை உடைக்கக் குவாரிக்காரர்கள் வந்தபோது ஊர் வழக்கம்போல் வேடிக்கை பார்த்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இவர்கள் எறும்பு வரும்வரை பொறுக்கவில்லை, வெடி வைத்தார்கள். அத்தான் மாடித் தரையில் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் பெயிண்டால் அடையாளம் வைத்தார். மாதம் ஒரு படம், அதே இடத்திலிருந்து, அதே நேரத்தில். அனுமதித்த எல்லையைத் தாண்டி மலையைத் தின்கிறார்கள் என்று காட்டிக் குவாரியை நிறுத்திவிட வேண்டும் அவருக்கு. ஏழு வருஷம் எடுத்தார். மனுக்களை டைப் அடித்தது நான். கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்தே பேர். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டு ஆட்கள்.

ஒருவழியாகக் கலெக்டர் ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் படங்களை அடுக்கும்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“அத்தான், இதுல வானத்துல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு பாருங்க.”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெகட்டிவை எடுத்தார். பென்சிலால் இரண்டு தொடு தொட்டு மறுபடி பிரிண்ட் போட்டார். தொட்டில் பழக்கம். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது என்று நான் சர்டிபிகேட் வேறு கொடுத்தேன்.

மறுநாள் குவாரி வக்கீல் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றில் பென்சில் பூச்சு மினுங்கியது.

“இதுல கை வச்சீங்களா?”

“வச்சேன் சார். வானத்துல ஒரு புள்ளி இருந்துச்சு.”

“வானத்துல கை வச்சவரு மலையில வைக்க மாட்டாரா?”

அறையில் சிரித்தார்கள். யார் சொல்லித் தொட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். பின்வரிசையில் இருந்த என் பக்கம் அத்தான் திரும்பவே இல்லை. பழக்கதோஷம் என்றார். அத்தனை படங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

மலை முழுதாகப் போக இன்னும் நான்கு வருஷம் ஆனது. மாதாமாதம் படம் எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. கடைசிப் படங்களில் வெறும் வானம்தான். பென்சிலை மட்டும் அதன்பிறகு எடுக்கவில்லை. பருவோடும் தழும்போடும் முகங்களைக் கொடுத்தார். வந்தவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பாழாய்ப்போன புள்ளி இவர் கண்ணில் ஏன்தான் பட்டதோ என்று அக்கா என்னிடம் புலம்புவாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவேன்.

அவர் போன பிறகு அவர் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்க நானும் அக்காவும் போனோம். கன்னத்துத் தழும்புகளை எடுத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். அக்கா பதறிப்போனாள்.

“ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீங்க.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ சொல்லுடா. அவரு மனசு உனக்குத்தான் தெரியும்.”

தொட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை.